புதுப்பிப்பு: கடைசியில் எந்தப் பக்கம் போனேன்

நான்கு மாதத்துக்கு முன் இங்கே கேட்டிருந்தேன்: பார்மசி படிப்பு முடிந்தது, மருந்துக் கடையா, மருத்துவமனையா, மருந்தின் பக்கவிளைவுகளைக் கண்காணிக்கும் பார்மகோவிஜிலன்ஸ் வேலையா என்று. பலரும் மூன்றாவதைச் சொன்னீர்கள். சேர்ந்தும் பார்த்தேன்.

வேலை மோசமில்லை. ஒருவர் 'தலை சுற்றுகிறது' என்று சொல்லியிருப்பார். அது கிறுகிறுப்பா, அறையே சுழல்வது போன்ற உணர்வா? பக்கவிளைவுகளை வகைப்படுத்தும் மெட்ரா (MedDRA) சொல்தொகுப்பில் முதலாவது நரம்பு மண்டலத்தில் வரும், இரண்டாவது காதுப் பிரிவில். இந்த நுணுக்கம் எனக்குப் பிடித்தது. ஆனால் மருந்து ஆய்வில் எதிர்பாராத, உயிருக்கு ஆபத்தான விளைவு என்றால் 7 நாளுக்குள் அறிக்கை போக வேண்டும் என்ற ஓட்டத்தில், அந்த மனிதர் பிழைத்தாரா என்று கேட்கக்கூட நேரமிருக்காது. அது உறுத்தியது.

சரி, விட்டுவிட்டு மருத்துவமனைக்கு மாறினேன். போன வாரம் ரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரை எடுக்கும் பெரியவர் ஒருவருக்கு மெட்ரோனிடசோல் என்ற கிருமிக்கொல்லி மருந்தை எழுதியிருந்தார்கள். இரண்டும் சேர்ந்தால் ஐஎன்ஆர் (ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்பதைக் காட்டும் அளவு) ஏறும், ரத்தக்கசிவு வரலாம். டாக்டரிடம் சொன்னேன், மருந்தை மாற்றினார். பெரியவருக்கு இது எதுவும் தெரியாது, "மாத்திரை கசக்குமா தம்பி?" என்று மட்டும் கேட்டார்.

இரவு ஷிப்ட் பற்றி எச்சரித்தவர்கள் சொன்னது அத்தனையும் உண்மை. கடை வேலை பற்றிக் கேட்காதீர்கள், முயலவே இல்லை. பழைய அறிக்கை அனுபவம் வீண் போகவில்லை: வார்டில் பக்கவிளைவுப் படிவம் நிரப்ப எல்லோரும் என்னைத்தான் தேடுகிறார்கள்.