காகிதப்பூவுக்குத் தண்ணீரை நிறுத்தச் சொன்ன மாமா

அண்ணி: (படம்) இந்தக் காகிதப்பூவைக் கொஞ்சம் பாருங்கள். இலை பச்சைப்பசேல் என்று ஆள் உயரத்துக்கு நிற்கிறது, பேருக்குக்கூட ஒரு பூ இல்லை. தினமும் தண்ணீர், மாதம் தவறாமல் உரம், இதற்கு மேல் என்னதான் செய்வது?

சித்தி: சத்து பத்தவில்லை போல. தொழு உரம் இன்னும் ரெண்டு கை போடு.

மாமா: ஐயையோ வேண்டாம்! தழைச்சத்து கூடினால் இலைதான் வரும், பூ வராது. படத்திலேயே தெரிகிறதே. வெயில் எவ்வளவு நேரம்மா படுகிறது?

அண்ணி: காலையில் பத்து மணி வரைக்கும் மாமா, அப்புறம் சுவர் நிழல் விழுந்துவிடும்.

மாமா: அது போதாது. குறைந்தது 6 மணி நேரம் நேர் வெயில் வேண்டும். உரத்தை நிறுத்து, தண்ணீரையும் குறை. விரலை மண்ணுக்குள் விட்டுப் பார், ஈரம் ஒட்டினால் அன்றைக்குத் தண்ணீர் கிடையாது. இலை லேசாகத் துவளும்போது விட்டால் போதும், விடும்போது தொட்டியின் அடி ஓட்டை வழியாக வழிகிற வரைக்கும் விடு.

சித்தி: செடியைப் பட்டினி போடச் சொல்கிறீர்களே அண்ணா 😄

மாமா: அதற்குக் கொஞ்சம் வாட்டினால்தான் மொட்டு கட்டும். பெரிய தொட்டிக்கும் மாற்ற வேண்டாம், வேர் நெருக்கமாக இருக்கும்போது நன்றாகவே பூக்கும்.

அக்கா: என் செடி இப்போது பூத்திருக்கிறது, கிட்டத்தில் எடுத்தேன் (படம்). கலராக இருக்கிற மூன்றும் இதழ் இல்லை, இலைதான். ஒவ்வொன்றின் நடு நரம்பிலும் குச்சி மாதிரி ஒட்டிக்கொண்டு நுனியில் வெள்ளையாகச் சின்னதாக விரிந்திருக்கிறதே, அதுதான் பூ.

அண்ணி: இத்தனை நாளும் இதைக் கவனித்ததே இல்லை அக்கா!

மாமா: பூத்து முடிந்ததும் நீட்டுக் கிளைகளை வெட்டிவிடு. புதுத் தளிரில்தான் அடுத்த பூ வரும்.

சித்தி: எப்சம் உப்பு போட்டால் எல்லாச் செடியும் கொத்துக் கொத்தாகப் பூக்கும் என்று இன்னொரு குழுவில் வந்ததே?

மாமா: அதில் இருப்பது மெக்னீசியமும் கந்தகமும். மண்ணில் மெக்னீசியம் குறைந்து, நரம்பு பச்சையாக இருக்க இடைப்பட்ட இடம் மஞ்சளானால் உதவும். மற்றபடி எல்லாவற்றிலும் கொட்டாதே.

அக்கா: மாமா, செம்பருத்தி மொட்டெல்லாம் விரிவதற்குள் உதிர்கிறது. எறும்பு வேறு ஏறிக்கொண்டே இருக்கிறது.

மாமா: மொட்டுக் காம்பின் அடியில் பஞ்சு மாதிரி வெள்ளையாக ஏதாவது?

அக்கா: ஆமாம், தொட்டால் பிசுபிசு என்கிறது.

மாமா: மாவுப்பூச்சி. அது விடுகிற தேன் மாதிரியான கழிவுக்காகத்தான் எறும்பு வருகிறது, காவலும் காக்கிறது. முதலில் தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவு. அப்புறம் 1 லிட்டர் தண்ணீரில் 5 மில்லி வேப்பெண்ணெய், சில சொட்டு சோப்புக் கரைசல் சேர்த்து நன்றாகக் கலக்கி, சாயங்காலம் இலையின் அடிப்பக்கமும் நனைகிற மாதிரி அடி. வெயிலில் அடித்தால் இலை கருகும்.

சித்தி: செம்பருத்தியையும் காயப் போடாதே, அது தண்ணீர் கேட்கும் செடி, வறண்டாலும் மொட்டு உதிரும்.

மாமா: சித்தி சொல்வது சரி. மண் ஈரமாக இருக்கட்டும், தேங்க மட்டும் விடாதே.

அண்ணி: காகிதப்பூத் தொட்டியை வெயில் பக்கம் நகர்த்த வேண்டும், ஒரே முள், யாராவது ஒரு கை பிடியுங்களேன்.

அக்கா: பழைய சாக்கைச் சுற்றி வை, மருந்து அடித்துவிட்டு வருகிறேன்.