டிஸ்க் லேபிள் அச்சிடும்போது படம் விலகுகிறது, வழி சொல்லுங்கள்

வணக்கம் நண்பர்களே. பழைய குடும்ப வீடியோக்களை டிவிடியில் பதிந்து உறவினர்களுக்குக் கொடுக்கப் போகிறேன். லேபிளை இங்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளில் வடிவமைத்தேன். டிஸ்க்கின் 120 மி.மீ. விட்டத்தைவிடக் கொஞ்சம் சிறிய வட்டம், நடுவில் துளைக்கு இடம். திரையில் கச்சிதமாக இருக்கிறது. வட்டமாக வெட்டப்பட்ட ஏ4 ஸ்டிக்கர் தாளில் அச்சிட்டால்தான் தகராறு, படம் வெட்டுக்கோட்டைத் தாண்டிப் போகிறது.

'பக்கத்துக்குப் பொருத்து' என்பதை எடுத்துவிட்டு 100 சதவீதத்தில்தான் அச்சிடுகிறேன். பிடிஎஃப் ஆக்கி அச்சிட்டாலும் அதே கதை. அளவு சரியாக வருகிறது, இடம்தான் மாறுகிறது. எப்போதும் ஒரே அளவு விலகினால் படத்தை நகர்த்திச் சமாளித்துவிடலாம். இதுவோ தாளுக்குத் தாள் வேறு மாதிரி! பிரிண்டர் தாளை இழுக்கும் விதத்தில் கோளாறு என்று சந்தேகம்.

ஜிலேபிள்ஸ் என்ற லேபிள் அச்சிடும் மென்பொருளில் டிஸ்க் லேபிளுக்குத் தயார் வார்ப்புருக்கள் உண்டே, அதற்கு மாறினால் பலன் இருக்குமா? பின்னணி நிறத்தை வட்டத்துக்கு வெளியே சில மி.மீ. நீட்டிவிட்டால் போதுமா? அப்புறம், டிவிடி வேகமாகச் சுழலும்போது ஸ்டிக்கர் சமநிலையைக் கெடுக்கும் என்கிறார்கள். நேரடியாக அச்சிடும் டிஸ்க் வாங்கலாம் என்றால், என் பிரிண்டரில் டிஸ்க்கை வைத்து உள்ளே செலுத்தும் தட்டு இல்லை. ஸ்டிக்கர் ஒட்டி நீண்ட நாள் பயன்படுத்தியவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.