சிங்கவால் குரங்குக்கு இருப்பிடம்: நீர் அகழி போதுமா, கண்ணாடி வேண்டுமா?

கோட்டோவியம்:
கட்டடக்கலை இறுதியாண்டுத் திட்டத்துக்காக உயிரியல் பூங்காவில் சிங்கவால் குரங்குகளுக்கு இருப்பிடம் வரைகிறேன். ஒரு ஆண், 6 பெண், குட்டிகள் என மொத்தம் 12. திறந்தவெளி 1,200 சதுர மீட்டர். இப்போதைய வரைபடத்தில் நடுவே தீவு, சுற்றி 4 மீட்டர் நீர் அகழி, அதைச் சுற்றி நடைபாதை. இது சரிவருமா? பார்க்க வருகிறவர்களுக்கு மேற்குத் தொடர்ச்சி மலை மனதில் பதிய, பலகை வைப்பது தவிர என்ன செய்யலாம்?

சோலைக்காடு:
முதலில் அந்தச் சுற்றுப்பாதையை எடுத்துவிடுங்கள். நாலு பக்கமும் ஆள் நின்றால் குரங்குக்கு ஒதுங்க இடமே இருக்காது. இந்த இனத்தில் உற்றுப் பார்ப்பதே மிரட்டல். நாள் முழுக்க நூறு பேர் முறைத்தால் கூட்டத்துக்குள் கடி, சண்டை என்று அது வெளிவரும். சுற்றளவில் மூன்றில் ஒரு பங்கு மட்டும் பார்வைக்கு விடுங்கள். மக்கள் நிற்கும் தளம் தாழ்வாகவும், குரங்கு உட்காரும் கிளைகள் அவர்கள் தலைக்கு மேலேயும் இருக்கட்டும். மர உச்சியில் வாழும் உயிரை அண்ணாந்து பார்ப்பதுதான் முறை.

நீர் அகழி வேண்டாம். சிங்கவால் குரங்கையும் சேர்த்து மக்காக் வகைக் குரங்குகள் நீந்தக்கூடியவை, அதனால் அது நம்பகமான தடுப்பு ஆகாது. தாயின் பிடி நழுவும் குட்டிக்கோ அதுவே எமன். தண்ணீர் வேண்டுமென்றால் 10 செ.மீ. ஆழத்தில், சரிவான கரையோடு ஓர் ஓடை போதும்.

அகழிக்குப் பதில் மேலே மூடிய கம்பிக் கயிற்று வலை போடுங்கள்: துருப்பிடிக்காத எஃகு, வலைக்கண் 50 மி.மீ., உயரம் 7 மீட்டராவது. கறுப்பு நிறமாகக் கேட்டு வாங்குங்கள். பளபளக்கும் வலை கண்ணை வலையிலேயே நிறுத்திவிடும். கறுப்பு என்றால் பின்னாலிருக்கும் பச்சைதான் தெரியும். வலைக்கும் மக்களுக்கும் நடுவே 1.5 மீட்டருக்குக் குறையாத புதர் வரிசை கட்டாயம். கடலை நீட்டுவதும், நம் சளியும் காசநோயும் அதற்குத் தொற்றுவதும் பெருமளவு அங்கேயே நின்றுவிடும்.

வெயில்நிழல்:
கண்ணாடியை ஒரே ஓர் இடத்தில், சிறுவர் கண் மட்டத்தில் வையுங்கள். லேமினேட் செய்ததுதான் (நடுவே படலம் வைத்து ஒட்டியது) வேண்டும்; வெறும் டஃபன்டு கண்ணாடி உடைந்தால் மொத்தமாகக் கொட்டிவிடும். ஆண் குரங்கு பாய்ந்து மோதும் சுமையைக் கணக்கிட்டுத் தடிமனைக் கட்டமைப்புப் பொறியாளர் சொல்லட்டும். பெரும்பாலான இடங்களில் கெடுவது தடிமனால் அல்ல, பிரதிபலிப்பால். நிற்கும் பக்கம் வெளிச்சமாக இருந்தால் தன் முகம்தான் தெரியும். அந்தப் பக்கம் 3 மீட்டர் கூரை, அடர்நிறத் தரை, கண்ணாடியின் மேல்முனை மக்கள் பக்கமாக 10 டிகிரி சாய்வு: வானத்துக்குப் பதில் இருண்ட தரைதான் பிரதிபலிக்கும். மேற்கு பார்த்து மட்டும் வைத்துவிடாதீர்கள்.

கண்ணாடிக்கு உள்ளே, அதே கூரை நிழலில், ஆழ்கூளத் தொட்டி அமையுங்கள். கீழே 15 செ.மீ. ஜல்லி, வடிகட்டும் துணி, மேலே 25 செ.மீ. மரத்தூளும் சருகும். காலையில் தானியமும் புழுவும் தூவினால் வெகுநேரம் கிளறும். ஒரு சருகை இரண்டு விரலால் பிரித்துப் பார்க்கும், கிடைத்ததைக் கன்னப்பையில் அடக்கும், பிறகு புறங்கையால் கன்னத்தை அழுத்தி ஒவ்வொன்றாக வாய்க்குத் தள்ளும். அரை அடி தூரத்தில் இதைப் பார்க்கும் குழந்தை கண்ணாடியைத் தட்டாது. கூளம் நனைந்தால் பூஞ்சை பிடிக்கும். கூரை விளிம்பில் மழைநீர்க் கால்வாய் மறக்க வேண்டாம்.

செடிகளைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் முதலில் தோற்பது அதுதான். தளிரையும் பட்டையையும் உரித்துவிடும். குரங்கு வருவதற்கு ஓராண்டு முன்பே ஆல், அத்தி, மூங்கில் நடுங்கள். இடத்தை இரண்டாகப் பிரித்து மாற்றி மாற்றித் திறந்தால் ஒரு பாதி துளிர்க்க அவகாசம் கிடைக்கும்.

சோலைக்காடு:
இரண்டாகப் பிரிப்பதில்தான் உங்கள் கடைசிக் கேள்விக்கும் விடை இருக்கிறது. இரு பாதிகளுக்கும் நடுவே மக்கள் பாதையை விட்டு, அதற்கு மேல் 4 மீட்டர் உயரத்தில் வலைக் குழாய்க்குள் ஒரு பாலம் கட்டுங்கள். வால்பாறை புதுத்தோட்டம் பகுதியில் துண்டான காடுகளுக்கு நடுவே போகும் சாலைக்கு மேல், மரத்துக்கு மரம் கட்டிய பாலங்களில் இந்த இனம் கடக்கிறது. அதே மாதிரியான பாலத்தின் கீழ் ஒருவர் நடக்கும்போது, தான் நிற்பது அந்தச் சாலை என்பது புரியும். ‘மலைச்சாலையில் வண்டியை நிறுத்தித் தீனி போடாதீர்கள், அது குரங்கைச் சக்கரத்துக்கு இறக்குகிறது’ என்ற ஒரே வாக்கியத்தை அங்கே எழுதுங்கள். வாஷிங்டன் தேசிய உயிரியல் பூங்காவில் 1995 முதல் ஒராங்குட்டான்கள் மக்கள் தலைக்கு மேல் கம்பிவடத்தில் கடக்கின்றன. குரங்கு விரும்பும்போது மட்டும் கடக்கட்டும், விரட்டக் கூடாது.

பாலத்துக்குப் பழைய தீயணைப்பு ஹோஸை நீளவாக்கில் வெட்டி ஏணி போல் பின்னுங்கள். தேங்காய்நார்க் கயிறு மழையில் இற்றுவிடும், நைலான் இழைகளைப் பிய்த்து விழுங்கும். முடிச்சுக்குப் பதில் போல்ட்டும் அகலமான வாஷரும். தொங்கும் வளையம் எதுவும் கூடாது, குட்டியின் கழுத்து மாட்டும். குழாயின் அடியில் தகடு வேண்டும், இல்லையென்றால் மூத்திரம் மக்கள் தலையில்.

கோட்டோவியம்:
மிக்க நன்றி. நடைபாதையை ஒரு பக்கமாக்கிவிட்டேன். இரவு அறைகள் எத்தனை வேண்டும்?

சோலைக்காடு:
12 குரங்குகளுக்கு நான்கு. ஒவ்வொன்றுக்கும் இரண்டு சறுக்குக் கதவுகள், ஒன்றிலிருந்து ஒன்று வட்டமாகப் போகும்படி. ஒரே வாசல் இருந்தால் பலமான பெண் வாசலை மறித்து உட்கார்ந்துகொள்ளும், உள்ளே மாட்டியது பட்டினி கிடக்கும். ஓர் அறைச் சுவரில் வலைச் சன்னல் விடுங்கள், புதிய குரங்கைப் பழக்க அது வேண்டும்.