வீட்டு அவசரத்தால் லேட்டாக வருபவர்களுக்குச் சம்பளம் வெட்டலாமா?

பாலக்கோடு தையல்:

பாலக்கோடு பக்கத்தில் சின்னதாக ஒரு தையல் யூனிட் நடத்துகிறேன். பதினான்கு மெஷின், எல்லோரும் பெண்கள். பள்ளிச் சீருடை ஜாப் ஒர்க். ஏப்ரல் பிறந்தால் ஜூன் வரைக்கும் மூச்சு விட நேரம் இருக்காது. காலை ஒன்பதுக்கு மெஷின் ஓடியாக வேண்டும். மாதம் மூன்று லேட் ஆனால் அரை நாள் சம்பளம் வெட்டு, வருகைப் பணம் 500 ரூபாயும் போகும். இதுதான் இங்கே விதி.

சிக்கல் காஜா மெஷின், அதாவது பட்டன் துளை போடும் மெஷின், ஓட்டும் பெண்ணால் வந்தது. ஊர் மாரண்டஅள்ளி தாண்டி, காட்டோரம். காஜா எடுக்க அவளை விட்டால் ஆள் இல்லை. அவள் பதினொரு மணிக்கு வந்தால் அதுவரை பட்டன், செக்கிங், அயர்ன் மூன்று பேரும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். இந்த மாதம் முதல் தடவை, ராத்திரி தோட்டத்தில் இறங்கிய யானை விடிந்தும் போகவில்லை. வனத்துறைக்காரர்கள் ரோட்டில் யாரையும் விடவில்லை. அடுத்தது, மாமியார் வழுக்கி விழுந்து 108-இல் தருமபுரி பெரியாஸ்பத்திரிக்குப் போனது. அப்புறம் பையனுக்குக் காய்ச்சல். எல்லாமே நிஜம், எனக்கே தெரியும். அதனால் லேட் போடவில்லை.

இப்போது துணி ஓரம் அடிக்கும் ஓவர்லாக் மெஷின் அம்மா கேட்கிறார்: "பஸ் வரலைன்னு இருபது நிமிஷம் லேட்டா வந்ததுக்கு எனக்கு வெட்டினீங்க. யானை வந்தா மட்டும் கணக்கில்லையா?" கேட்பதில் நியாயம் இருக்கிறது. காஜா பெண்ணை விடவும் முடியாது. நீங்களெல்லாம் எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

கூழ் சூப்பர்வைசர், கிருஷ்ணகிரி:

அக்கா, மாம்பழக் கூழ் ஃபேக்டரியில் ஷிப்ட் பார்க்கிறேன். பழுத்த பெங்களூரா யாருக்காகவும் காத்திருக்காது. கதை கேட்கவே மாட்டேன், ஆதாரம்தான். ஆஸ்பத்திரி என்றால் ஓ.பி. சீட்டு, பஞ்சர் என்றால் போட்டோ. இல்லாவிட்டால் லேட்தான். போன சீசனில் ஒருத்தருக்குத் திங்கட்கிழமை மட்டும் வாராவாரம் வண்டி பஞ்சர் ஆனது.

காவேரிப்பட்டணத்துக்காரி:

போட்டோ கேட்கும் சாருக்கு: எங்கள் வீட்டில் போன் ஒன்றுதான், பகலில் அது அவரிடம் இருக்கும். மாமனாருக்கு மூச்சுத் திணறல் வந்த மறுநாள் வேலைக்குப் போனேன், கேட்டிலேயே நிற்க வைத்துச் சீட்டு கேட்டார்கள். சீட்டு அவர் தலைமாட்டில் அல்லவா இருக்கும்? சம்பளம் வெட்டியதுகூட மனதில் இல்லை. அத்தனை பேர் பார்க்க நிற்க வைத்தது இருக்கிறது. அக்கா, உங்கள் யூனிட் நம்பரை ஒரு சீட்டில் எழுதி எல்லோர் வீட்டுக்கும் கொடுத்து வையுங்கள். எங்களால் பேச முடியாவிட்டால் பக்கத்து வீட்டிலிருந்து யாராவது சொல்வார்கள்.

ஓசூர் டைம் ஆபீஸ்:

சிப்காட்டில் டைம் ஆபீசில் இருந்து ரிட்டயர் ஆனவன். முதலில் அந்த அரை நாள் வெட்டை எடுங்கள் அம்மா. வராத நேரத்துக்கு, அந்த நேரத்தின் அளவுக்குத்தான் சம்பளம் பிடிக்கலாம். 1936 சம்பளப் பட்டுவாடாச் சட்டம் சொன்னதும் அதுதான், 2019 ஊதியச் சட்டத் தொகுப்பு சொல்வதும் அதுதான். இருபது நிமிஷம் மூன்று தடவை என்றால் ஒரு மணி நேரம். நீங்கள் பிடிப்பது நாலு மணி நேரம். மீதி மூன்று மணி நேரமும் அபராதம். அபராதம் சம்பளத்தில் நூற்றுக்கு மூன்றைத் தாண்டக் கூடாது. எந்தெந்தத் தப்புக்கு என்று அனுமதி வாங்கி ஒட்டியிருக்க வேண்டும். ஆளிடம் விளக்கம் கேட்டிருக்க வேண்டும். பதிவேட்டில் ஏற வேண்டும். அந்தப் பணமும் முதலாளிக்குச் சேராது, தொழிலாளர் நலனுக்குத்தான் போக வேண்டும். இத்தனை பாடு எதற்கு?

இருபது நிமிஷத்துக்கு இருபது நிமிஷம் பிடியுங்கள், இரண்டு மணி நேரத்துக்கு இரண்டு மணி நேரம். யானைக்கும் பஸ்ஸுக்கும் ஒரே கணக்கு. ஓவர்லாக் அம்மாவுக்கு இதுதான் பதில். காரணத்தைப் பார்த்துச் சம்பளம் போட ஆரம்பித்தால் தினமும் பஞ்சாயத்துதான்.

லேட் குறி போடுவதா என்பதில் மட்டும் காரணத்தைப் பாருங்கள். அதிலும் ஊருக்கே தெரிந்த காரணத்துக்கு ஆதாரம் கேட்கக் கூடாது. தொப்பூர் கணவாயில் லாரி கவிழ்ந்தால் சேலம் பக்கத்து பஸ் எல்லாம் நிற்கும். 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் மழை ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் கொட்டியது, நிறுத்தியிருந்த வண்டிகளே அடித்துக்கொண்டு போயின. கூழ் சார் அன்றைக்கு யாரிடம் போட்டோ கேட்டிருப்பார்? அந்த ரூட்டில் வருகிறவர்கள் யாருக்கும் இன்று குறி கிடையாது என்று காலையிலேயே நீங்களே சொல்லிவிடுங்கள். யானைக்கும் அதேதான்.

வீட்டு அவசரத்துக்கு மாதம் இரண்டு பர்மிஷன் கொடுங்கள். காரணம் வேண்டாம், தகவல் வந்தால் போதும். அதையும் தாண்டினால் தனியாகக் கூப்பிட்டுப் பேசுங்கள். நான் பார்த்தவரை அங்கே பொய்யைவிட வேறு ஏதாவதுதான் இருக்கும். வீட்டில் பார்க்க ஆளில்லாத நோயாளி, மாற்றிவிட்ட பஸ் நேரம், இப்படி.

ஒன்று சொன்னால் கோபித்துக்கொள்ளாதீர்கள். ஒருத்தி வராவிட்டால் மூன்று பேர் சும்மா இருப்பது அவள் குறையா? யானை வராத மாதத்தில் அவளுக்கே காய்ச்சல் வரும். இன்னொருவரைக் காஜாவுக்குப் பழக்குங்கள். அதுவரை முந்தின நாள் சாயந்திரமே காஜா முடிந்த பீஸ் கொஞ்சம் மிச்சம் வைத்துக்கொண்டால், காலையில் பட்டன் வேலை நிற்காது.

பாலக்கோடு தையல்:

நன்றி ஐயா. வருகைப் பணத்தை என்ன செய்வது? அதையும் எடுத்துவிடவா?

ஓசூர் டைம் ஆபீஸ்:

எடுக்காதீர்கள், வாரம் 125 என்று பிரியுங்கள். மாதக் கணக்கில், முதல் பத்து நாளிலேயே பணம் போய்விட்டால், அப்புறம் மாதம் முழுக்க ஒன்பதுக்கு ஓடி வர அவளுக்கு என்ன இருக்கிறது? பர்மிஷன் எடுத்த நாளுக்காக இந்த வருகைப் பணத்தைப் பிடிக்க வேண்டாம்.

பாலக்கோடு தையல்:

வாரக் கணக்கு இந்தச் சனிக்கிழமையிலிருந்து. ஓவர்லாக் அம்மாவிடமே காஜா பழகச் சொன்னேன். பழகுகிறேன், ஆனால் காஜா ஓட்டுகிற நாளில் காஜாக் கூலி வேண்டும் என்கிறார். கொடுக்கத்தான் வேண்டும் போலிருக்கிறது.