நீரோடி தாண்டினால் நம்ம ஊர்: கேரளக் கரை நடந்து வருகிறவர்களுக்குக் கடைசி 65 கிலோமீட்டர்

(கரையோர ஊர்க்காரர்கள் மாறி மாறி எழுதியது. ஒவ்வொரு பகுதிக்கும் மேலே இருப்பது எழுதியவரின் புனைபெயர்.)

நீரோடிக் கரை

மஞ்சேஸ்வரத்தில் தொடங்கிக் கேரளக் கரை முழுக்க நடந்து கன்னியாகுமரியில் முடிக்கிறவர்களில் நம்ம கன்னியாகுமரி மாவட்டத்துப் பிள்ளைகளும் உண்டு. பூவாறு வரைக்கும் ஒழுங்காக வருவார்கள். பொழிக்குப் பொழி (ஆறு கடலில் சேருகிற வாய்) விசாரிப்பார்கள், கடல் எச்சரிக்கை பார்ப்பார்கள். தெற்குக் கொல்லங்கோடு தாண்டி எல்லை ஊரான நீரோடியில் கால் வைத்ததும் போன் பைக்குள் போய்விடும். "இனி நம்ம ஊரு, கண்ணைக் கட்டி விட்டாலும் போயிருவேன்" என்பார்கள். சிக்கல் அங்கேதான் ஆரம்பிக்கிறது. மனசில் இருக்கிற கரை வேறு, இப்போது இருக்கிற கரை வேறு.

நீரோடி, மார்த்தாண்டன்துறை, வள்ளவிளை, இரவிபுத்தன்துறை, சின்னத்துறை, தூத்தூர், பூத்துறை என்று இரையுமன்துறை வரை ஊரோடு ஊர் ஒட்டிக் கிடக்கிறது. ஒரு காலத்தில் ஊருக்கு ஊர் மணலிலேயே போகலாம். இப்போது பெரும்பகுதி பாறாங்கல் தடுப்புச் சுவர், நடுநடுவே தூண்டில் வளைவு (கடலுக்குள் நீட்டிப் போட்ட கல் தடுப்பு). இரண்டு வளைவுக்கு நடுவில் கொஞ்சம் மணல் சேர்ந்திருக்கும். அதைப் பார்த்து ஆசையாக இறங்கினால் அடுத்த வளைவில் வழி முட்டும், வந்த வழியே ஏறவேண்டும். மறுமுனையில் ஏறுவதற்கு இடம் கண்ணில் பட்டால் மட்டும் இறங்குங்கள். இல்லையென்றால் ஊர்ச் சாலையே நல்லது.

சுவர்மேல் நடக்கவே வேண்டாம். கல்லைச் சிமென்ட் போட்டு இறுக்கவில்லை, அடுக்கித்தான் போட்டிருக்கிறார்கள். ஒவ்வொரு மழைக்காலத்திலும் அலை அடியில் மணலை உருவ உருவ, மேலே உள்ள கல் ஆடும். கடல் பக்கம் பாசி, இடுக்கில் அறுந்த வலை, தூண்டில் முள். இன்னொன்று, சுவரை ஒட்டியே வீடுகள். மேலே நடக்கிறவருக்கு அடுப்படியும் குளிக்கிற இடமும் நேராகத் தெரியும். அது மரியாதை இல்லை.

குளச்சல் சாயா

நீரோடிக்காரர் சொன்னது சரி. கால் விஷயத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கேரளத்திலிருந்து வரும்போது கடல் எப்போதும் வலக்கைப் பக்கம். ஈர மணல் கடலை நோக்கிச் சரிந்திருக்கும், அதனால் நாள் முழுக்க வலது கால் பள்ளத்தில், இடது கால் மேட்டில். இத்தனை நூறு கிலோமீட்டர் அப்படி நடந்து வந்தவருக்கு நம்ம மாவட்டத்துக்குள் வரும்போதுதான் வலது முட்டியின் வெளிப்பக்கமும் இடுப்பும் பிடிக்கும். இதற்கு மருந்து, தினம் ஒரு பங்கு தூரத்தைச் சமமான சாலையில் நடப்பது. சுவர் உள்ள பகுதிகளைச் சாலைக்கு ஒதுக்கினால் இரண்டு வேலையும் ஒன்றாக முடியும்.

அலை வந்து போன ஈர மணலில் மணிக்கு 4 கி.மீ. தாராளம். காய்ந்த மணலில் அதே உழைப்புக்கு இரண்டரை வந்தால் பெரிது. நம்ம கடலில் ஏற்ற இறக்க வித்தியாசம் ஒரு மீட்டருக்கும் குறைவுதான். ஆனால் கரை செங்குத்தாக இருக்கிற இடத்தில் அந்தக் கொஞ்சமே நடைபாதையைத் தின்றுவிடும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி இறக்க நேரம் பார்த்துக் கிளம்புங்கள்.

தூரம் தோராயமாக: நீரோடியிலிருந்து தேங்காய்ப்பட்டணம் 10, அங்கிருந்து குளச்சல் 13, குளச்சல் முட்டம் 10, முட்டம் மணக்குடி 20க்கு மேல், மணக்குடி கன்னியாகுமரி 8 கி.மீ. சாலையில் வளைந்தால் கூடும்.

இனயம் பக்கம்

தேங்காய்ப்பட்டணத்தில் குழித்துறைத் தாமிரபரணி கடலில் சேருகிற இடம் இப்போது மீன்பிடித் துறைமுகம். முன்பு வேனலில் மணல் மூடிப் பொழி அடைந்தால் நடந்தே கடந்ததாகப் பெரியவர்கள் சொல்வார்கள். அந்தப் பேச்சை நம்பி முகத்துவாரத்தில் இறங்காதீர்கள். இரண்டு பக்கமும் அலைத்தடுப்புச் சுவர் கட்டி ஒடுக்கிய வாய் அது. தண்ணீர் வேகம், படகுப் போக்குவரத்து, அடியில் நகர்ந்துகொண்டே இருக்கிற மணல் மேடு என்று மூன்றும் அங்கே இருக்கின்றன. அனுபவப்பட்ட படகுக்காரரே அந்த வாயில் கவனமாகத்தான் திருப்புகிறார். இரையுமன்துறையிலிருந்து பாலம் இருக்கிறது, அதில் போங்கள்.

பாலம் தாண்டி முள்ளூர்துறை, இராமன்துறை, இனயம், மிடாலம், குறும்பனை, வாணியக்குடி. மணலும் சுவரும் மாறி மாறி வரும். இங்கே எச்சரிக்கை மனுஷ அன்பில்தான்! நம்ம ஊர்க்காரர் என்றால் வழியில் சித்தி வீடு, மாமா வீடு, கூடப் படித்தவன் வீடு. ஒரு வீட்டில் மரச்சீனியும் (மரவள்ளிக்கிழங்கு) மீன்கறியும் சாப்பிட்டு எழும்புவதற்குள் மணி மூன்றாகிவிடும். பிறகு இருட்டில் கல்லுக்கு மேல் தடவவேண்டி வரும். முந்தின நாளே போன் போட்டு, "மத்தியானச் சாப்பாட்டுக்கு உங்க வீடு, ராத்திரிக்கு அவங்க வீடு" என்று பிரித்துச் சொல்லிவிடுங்கள். சொல்லாமல் தாண்டிப் போனீர்களோ, அந்த வருத்தம் பல வருஷம் நிற்கும்.

ஞாயிற்றுக்கிழமை கடலுக்குப் போகமாட்டார்கள். வள்ளமெல்லாம் கரையில், வலை விரித்துக் கிடக்கும், மணலில் நடக்க இடம் குறைவு. காலைப் பூசை முடியும்வரை கடையும் திறக்காது. தண்ணீரைச் சனிக்கிழமை ராத்திரியே நிரப்பிக்கொள்ளுங்கள்.

கரமடிப் பழக்கம்

கரமடி (கரையில் நின்று இழுக்கிற பெரிய வலை) இழுப்பதைப் பற்றி யாரும் எழுதவில்லை. கரை நடைக்காரர் அடிக்கடி எதிர்ப்படுவது அதுதான்.

தூரத்தில் இரண்டு கூட்டம் தெரியும். இடையில் சில நூறு மீட்டர் இருக்கும். இரண்டு கூட்டமும் ஆளுக்கொரு கயிற்றை இழுத்துக்கொண்டு மெதுவாக ஒன்றை நோக்கி ஒன்று நகரும். கயிறு கடலுக்குள் போகும், நுனியில் மடி. இழுக்கிறவர்களுக்கும் தண்ணீருக்கும் நடுவே குனிந்து புகுந்து போவதுதான் எல்லாரும் செய்கிற தப்பு. அலை பின்வாங்கும்போது கயிறு தளரும், அடுத்த அலையில் விண்ணென்று விறைக்கும். முழங்கால் உயரத்தில் கிடந்த கயிறு ஒரு நொடியில் கழுத்து உயரத்துக்கு வரும். இழுவையில் அறுந்தால் அது அடிக்கிற அடி பிரம்படி மாதிரி இராது, எலும்பு தெறிக்கும். இழுப்பவர்களுக்குப் பின்பக்கம், மேட்டு மணலில் சுற்றிப் போங்கள். மடி கரையேறும் கடைசி நேரத்தில் ஒரு கை பிடித்தால் யாரும் வேண்டாம் என்று சொல்வதில்லை. அதற்கு முன்னால் "அண்ணே, பிடிக்கட்டா?" என்று கேட்கவேண்டும்.

விரித்த வலையைத் தாண்டாதீர்கள், மிதிக்காதீர்கள். செருப்புக் காலோடு மிதித்தால் கட்டாயம் பேச்சு வாங்குவீர்கள். விடிகாலையில் மீன் இறங்குகிற இடத்தில் நாய்க் கூட்டம் இருக்கும். ஓடினால் துரத்தும். கையில் கம்பு வைத்துக்கொண்டு, பார்வையைத் தாழ்த்தி, ஆள் இருக்கிற பக்கமாக நடங்கள்.

மண்டைக்காட்டு வழி

குளச்சலில் 1741-ல் மார்த்தாண்ட வர்மா டச்சுப் படையை வென்றதன் நினைவுத் தூண் கடற்கரையை ஒட்டியே இருக்கிறது, பார்க்கத் தனியாக வழி திரும்பவேண்டாம். அதற்குக் கிழக்கே கொட்டில்பாடு. இங்கே ஒன்றை மனதில் வைக்கவேண்டும்: ஊருக்குப் பின்னால் கரைக்கு இணையாக ஏ.வி.எம். (அனந்த விக்டோரியா மார்த்தாண்டன்) கால்வாய் ஓடுகிறது. திருவனந்தபுரத்தையும் கன்னியாகுமரியையும் நீர்வழியாக இணைக்கத் திருவிதாங்கூர் மன்னர் காலத்தில் வெட்டத் தொடங்கிப் பாதியில் நின்றது. 2004 டிசம்பர் 26 அன்று கொட்டில்பாட்டில் மேட்டை நோக்கி ஓடியவர்களை இந்தக் கால்வாய்தான் மறித்தது. நடக்கிறவருக்கும் அதே கணக்கு. மணலை விட்டுப் பெரிய சாலைக்குப் போகவேண்டுமானால் பாலம் இருக்கிற இடத்தில்தான் முடியும். ஊருக்குள் நுழைந்ததும் பாலம் எந்தப் பக்கம் என்று கேட்டு வையுங்கள்.

மாசியில் வந்தால் மண்டைக்காட்டுக் கோயில் கொடைத் திருவிழா நாட்களைத் தவிருங்கள், அல்லது கோயிலுக்கென்றே ஒரு நாளை ஒதுக்குங்கள். கூட்டத்தில் மூட்டையோடு நகர முடியாது.

பெரியவிளை, சின்னவிளை, மணவாளக்குறிச்சியில் மணல் கறுக்கும். இல்மனைட், மோனசைட், கார்னெட், சிர்க்கான் கலந்த கனிம மணல். கறுப்பு என்பதால் வெயிலை அப்படியே குடிக்கும். பத்து மணிக்கு மேல் வெறுங்கால் தாங்காது. செருப்புக்குள் புகுந்தால் பொடியாக இருப்பதால் விரலிடுக்கை உப்புத்தாள்போல் தேய்க்கும், கொப்புளம் வருவது பெரும்பாலும் இங்கேதான். குளச்சலிலிருந்து விடியுமுன் கிளம்பி, இந்தப் பகுதியை எட்டு மணிக்குள் தாண்டுங்கள். பிறகு கால் கழுவித் துடைத்து, காலுறை மாற்றிவிட்டு நடையைத் தொடருங்கள்.

கடியப்பட்டணத்தில் வள்ளியாறு. வேனலில் பொழி அடைந்திருந்தால் மேலே நடந்து போகலாம். திறந்திருந்தால் பாலம்தான். புதிதாக உடைந்த பொழி முழங்கால் ஆழம் மாதிரி தோன்றும். ஓரமோ செங்குத்தாக அறுந்திருக்கும், நிற்கிற மணல் காலடியோடு சரியும்.

முட்டம் முனையைப் பாறையடியில் சுற்ற முயலாதீர்கள். கலங்கரை விளக்கத்துப் பக்கம் மேலே ஏறி மறுபக்கம் இறங்குவதுதான் வழி.

இராஜாக்கமங்கலம் துறை

முட்டத்துக்குப் பிறகு கரை கிட்டத்தட்ட நேர் கிழக்கே திரும்புகிறது. காலை வெயில் முழுசாக முகத்தில். தொப்பி முன்விளிம்பு பெரிதாக இருக்கட்டும். வரிசையாக மணல் கிடக்கிறது, நடைக்கு மாவட்டத்திலேயே நல்ல பகுதி. ஆபத்தும் இங்கே அதிகம், காரணம் கள்ளக்கடல்.

தெற்கு இந்தியப் பெருங்கடலில் எங்கோ அடித்த புயலின் அலை நாட்கணக்கில் பயணம் செய்து இங்கே வரும். நம்ம கரையில் காற்றே இருக்காது, வானம் தெளிந்திருக்கும். ஏப்ரல், மே மாதம் அதிகம். 2024 மே 6-ல் கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் 5 பேர் அலையில் போனது இப்படிப்பட்ட எச்சரிக்கை இருந்த நாளில். அடையாளம்: ஒரு அலைக்கும் அடுத்த அலைக்கும் இடையில் எண்ணிப் பாருங்கள். வழக்கத்தைவிட நீண்டு 15 விநாடியைத் தாண்டினால் சந்தேகப்படுங்கள். அலைக்கோட்டுக்கு வெகு மேலே மணல் நனைந்திருந்தால் உடனே மேலே ஏறுங்கள். ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் (INCOIS) கடல் தகவல் மைய எச்சரிக்கையைத் தினமும் காலையில் பார்ப்பது பழக்கமாக வேண்டும். "இங்கேதானே குளிச்சு வளர்ந்தோம்" என்பது கள்ளக்கடலுக்குத் தெரியாது.

நடக்க நல்ல மாதம் டிசம்பர் பாதியிலிருந்து பிப்ரவரி. ஜூனிலிருந்து செப்டம்பர் வரை கச்சான் என்கிற மேற்குக் காற்றில் கரை அரித்து அலை நேரே சுவரில் அடிக்கும். நவம்பரில் மழை, பொழி திறப்பு, புயல். 2017-ல் ஒகி வந்தது நவம்பர் கடைசியில்.

கேள்வி: தூத்தூர் பேரன்

முட்டத்திலிருந்து மணக்குடி ஒரே நாளில் போகலாமா அண்ணாச்சி? கூட அறுபது வயதுப் பெரியப்பா வருகிறார்.

இராஜாக்கமங்கலம் துறை

வேண்டாம் தம்பி. இரண்டாகப் பிரியுங்கள். முதல் நாள் எங்க துறை வரை, மிச்சத்தை மறுநாள். தங்க இடம் இல்லையென்றால் நாகர்கோவிலுக்கு டவுன் பஸ் ஏறித் தூங்கிவிட்டு, காலை முதல் பஸ்ஸில் அதே இடத்துக்கு வந்து தொடருங்கள். கடலோர ஊரில் தங்க வேண்டுமானால் சாயங்காலம் ஐந்துக்குள் பங்குத்தந்தையைப் பார்த்துக் கேட்பதுதான் முறை. ஆதார் அட்டை கையில் இருக்கட்டும்.

மறுநாள் பொழிக்கரை, புத்தன்துறை, சங்குத்துறை, பள்ளம், சொத்தவிளை. பெரியப்பாவுக்குச் சொத்தவிளையில் நிழலும் தண்ணீரும் கிடைக்கும், பத்தரையிலிருந்து மூன்று வரை அங்கே ஓய்வு. சீசனில் அக்கானி (பதநீர்) கிடைத்தால் காலையிலேயே குடிக்கச் சொல்லுங்கள், வெயில் ஏறினால் புளித்துவிடும். மட்டிப்பழம் ஒரு சீப்பு பையின் மேல்பக்கம் வையுங்கள், அடியில் வைத்தால் நசுங்கும்.

மேலமணக்குடி, கீழமணக்குடிக்கு நடுவில் பழையாறு. பழைய பாலத்தைச் சுனாமி பெயர்த்து உள்ளே தள்ளிவிட்டது. இப்போது புதுப் பாலம். பெரியப்பா பழைய தோணித்துறையைத் தேடுவார், தேடட்டும், அரை மணி கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். கடைசி நாள் 8 கி.மீ.தான். கோவளத்துக்குப் (கேரளக் கோவளம் இல்லை, கன்னியாகுமரிப் பக்கத்துக் கோவளம்) பிறகு பாறை வருகிற இடங்களில் மட்டும் சாலைக்கு ஏறுங்கள். ஐயப்ப சீசனில் கன்னியாகுமரியில் அறை கிடைக்காது, கிடைத்தாலும் விலை ஏறியிருக்கும். கடைசி ராத்திரியை மணக்குடியிலேயே கழித்து, காலை ஆறு மணிக்கு நடையைத் தொடங்கினால் பத்துக்குள் முக்கடல் படித்துறை. அன்று மத்தியானமே ஊருக்குத் திரும்பலாம்.