கலைச்சொல்: கீசருக்குள் இருக்கும் மக்னீசியத் தண்டுக்கு என்ன பெயர்?

தொண்டியிலிருந்து:

குழுவினருக்கு வணக்கம்.

கீசர் தொட்டிக்குள், தண்ணீரைச் சூடாக்கும் எலிமென்ட் இருக்கும் அதே ஃபிளாஞ்சில் (தொட்டியின் வாயை மூடும் தட்டில்), விரல் தடிமனில் ஒரு மக்னீசியத் தண்டு திருகியிருக்கும். அதற்கு நல்ல தமிழ்ப் பெயர் வேண்டும். கடையில் ‘ராடு’ என்று கேட்டால் வாளியில் போடும் ஹீட்டர் ராடு வருகிறது. ‘கீசர் ராடு’ என்றால் எலிமென்ட் வருகிறது. ‘தியாக நேர்மின்முனை’ என்பது தேர்வுத்தாளுக்குச் சரி, கடைக்குக் கொடுத்தனுப்பும் சீட்டுக்கு ஆகாது.

பெயர் இல்லாததால் பொருளையே யாரும் நினைப்பதில்லை. தொட்டி ஓட்டையானதும் ‘உப்புத் தண்ணி, அப்படித்தான் போகும்’ என்று புதுக் கீசர் வாங்கிவிடுகிறார்கள். இரும்புத் தொட்டியின் உள்பக்கம் கண்ணாடிப் பூச்சு இருந்தாலும் அதில் ஊசிமுனை அளவு இடைவெளிகள் எப்போதும் உண்டு. இரும்பின் மின்முனை அழுத்தம் −0.44 வோல்ட், மக்னீசியத்துக்கு −2.37. கழித்தல் பக்கம் கூடக்கூட உலோகம் எளிதில் அரிபடும். இரண்டும் ஒரே தண்ணீரில் நின்று, உலோகத்தோடு உலோகம் தொட்டுக்கொண்டும் இருந்தால் மக்னீசியம்தான் அரிபடும், இரும்பு தப்பும். உப்பு கூடிய தண்ணீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்துவதால் தண்டும் வேகமாகத் தீரும். காவிரித் தண்ணீர் மட்டும் ஏறும் வீட்டில் வருடம் ஒருமுறை திறந்து பார்த்தால் போதும். போர் தண்ணீர் கலக்கும் வீட்டில் ஆறு மாதத்துக்கு ஒருமுறை பார்க்கவேண்டும். தண்டு பாதியாக மெலிந்தாலோ நடுக்கம்பி தெரிந்தாலோ மாற்றிவிடவேண்டும்.

என் முன்மொழிவு: காவுத்தண்டு. தொட்டிக்குப் பதிலாகத் தன்னைக் காவு கொடுப்பது.

பாம்பனிலிருந்து:

> என் முன்மொழிவு: காவுத்தண்டு

ஐயா, பொருள் சரியாக இருக்கிறது. ஆனால் கடலுக்குப் போனவர் திரும்பாவிட்டால் ‘கடல் காவு வாங்கிடுச்சு’ என்று சொல்லும் ஊர் இது. விசைப்படகின் அடியிலும் இதே வேலையைச் செய்யும் தகடு உண்டு. அதற்கு அந்தப் பெயரை வைக்கப் படகுக்காரர் எவரும் சம்மதிக்கமாட்டார்.

பட்டறையில் அதை ‘ஜிங்க்’ என்கிறோம். அதிலும் சிக்கல் இருக்கிறது. உலோகத்தின் பெயரே பொருளின் பெயராகிவிட்டால், மிச்சமான துத்தநாகத் துண்டைக் கீசரில் மாட்டினால் என்ன என்று தோன்றும். மாட்டக்கூடாது. நல்ல தண்ணீரில் துத்தநாகத்தின் மேல் படலம் படிந்து வேலை மந்தமாகிவிடும். 60 டிகிரியைத் தாண்டிச் சூடானால், சில வகைத் தண்ணீரில் நிலைமை தலைகீழாகி இரும்பே அரிபடத் தொடங்கும். மக்னீசியத்தைப் படகில் மாட்டினால் கடல்நீர் அதைச் சீக்கிரமே தின்று தீர்த்துவிடும். ஆகவே உலோகத்தைச் சுட்டாத பெயர் வேண்டும். ‘காப்புத்தகடு’, ‘காப்புத்தண்டு’ எப்படி?

கீழக்கரையிலிருந்து:

காப்பு என்றால் ஆள் அதையும் காப்பாற்றப் பார்ப்பார். படகுக்குப் பெயிண்ட் அடிக்கும்போது தகட்டுக்கும் சேர்த்து அடித்துவிடுவதுதான் இதில் நடக்கும் பெரிய தவறு. பெயிண்ட் ஏறிய தகடு வெறும் சுமை. அது கரையத்தான் வேண்டும் என்பது பெயரிலேயே தெரியவேண்டும்.

கரைதண்டு, கரைதகடு என்று வைக்கலாம். ஊறுகாய், சுடுசோறு போல வினைத்தொகை. நடுவில் வல்லினம் மிகாது. ‘கரைத்தகடு’ என்று எழுதினால் கடற்கரைத் தகடு என்று பொருள் மாறிவிடும். நம் கலைச்சொல் பட்டியலில் எழுத்துப்பிழை வராமல் பார்த்துக்கொள்ளவேண்டும்.

இந்தக் கருத்துக்குப் பழைய சான்றும் உண்டு. 1824இல் ஆங்கில வேதியியலாளர் ஹம்ஃப்ரி டேவி, கப்பலடியின் செப்புத் தகட்டைக் காக்க இரும்பும் துத்தநாகமும் பொருத்தச் சொன்னார். செம்பு கரைவது நின்றது. ஆனால் பாசியையும் சிப்பியையும் அதுவரை அண்டவிடாமல் வைத்திருந்ததே கரைந்துகொண்டிருந்த செம்புதான். அது நின்றதும் அவை அடியில் அப்பிக்கொண்டன. எது கரைகிறது என்பதுதான் இங்கே முழு விஷயமும்.

குளிர்நாட்டு வீடுகளின் ரேடியேட்டருக்கு இந்தச் சொல் பொதுவாகத் தேவைப்படாது. அங்கே அதே தண்ணீர் மூடிய சுற்றில் ஓடுவதால் அதிலுள்ள ஆக்சிஜன் தீர்ந்துவிடும், அரிப்புத் தடுப்பு மருந்தும் கலப்பார்கள். கீசருக்குத் தினமும் புதுத் தண்ணீர் வருகிறது.

தொண்டியிலிருந்து:

‘கரைதண்டு’ எனக்குச் சம்மதம். பாம்பன் ஐயாவின் மறுப்பு நியாயமானது, காவுத்தண்டை விட்டுவிடுகிறேன்.

சொல் செல்லுமா என்று பார்க்க அதை வைத்தே செய்முறை எழுதுகிறேன். செங்குத்துக் கீசரின் கரைதண்டை வீட்டுக்காரரே மாற்றலாம். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது, பிளக்கைப் பிடுங்கவேண்டும். தண்ணீர் ஆறியபின் உள்வரும் வால்வை மூடி, வெந்நீர்க் குழாயைத் திறந்து வைக்கவேண்டும், காற்று அந்த வழியாகத்தான் உள்ளே போகும். குளிர்நீர்ப் பக்கத்து இணைப்பைக் கழற்றினால் தொட்டி வடியும். வயர் எது எங்கே இருந்தது என்று படம் எடுத்துக்கொண்டு கழற்றி, ஃபிளாஞ்ச் நட்டுகளை எடுக்கவேண்டும். பழைய தண்டைக் கடைக்கே கொண்டுபோய் நீளமும் மரையும் பார்த்து வாங்குங்கள். தண்டின் மரைக்கு டெஃப்லான் டேப் சுற்றவேண்டாம். அது தொட்டிக்கு உள்ளேயே இருப்பது, அங்கே கசிவு என்ற பேச்சே இல்லை. டேப் உலோகத் தொடர்பைத்தான் கெடுக்கும். கேஸ்கட் புதிது போட்டு, நட்டுகளை எதிரெதிராக மாற்றி மாற்றி இறுக்குங்கள். இணைப்பையும் வயர்களையும் பழையபடி மாட்டி, உள்வரும் வால்வைத் திறந்து, வெந்நீர்க் குழாயில் தண்ணீர் இடைவிடாமல் கொட்டிய பிறகுதான் சுவிட்ச். வெறும் தொட்டியில் போட்டால் எலிமென்ட் கருகிவிடும்.

மற்றதற்கு ஆள் வேண்டும். எர்த் இல்லாத பிளக்பாயிண்ட் என்றால் எலக்ட்ரீஷியன் வந்தே ஆகவேண்டும். 2000 வாட் கீசர் கிட்டத்தட்ட 9 ஆம்பியர் இழுக்கும், அதற்கு 16 ஆம்பியர் பாயிண்ட் தேவை. வெந்நீர்ப் பக்கம் சாதாரண பிவிசி போட்டிருந்தால் சூடு தாங்கும் சிபிவிசி குழாய்க்கு மாற்ற பிளம்பரைக் கூப்பிடுங்கள். பாதுகாப்பு வால்வு சொட்டுகிறது என்று அதை அடைப்பதை எவருமே செய்யக்கூடாது. 15 லிட்டர் தண்ணீர் 30 டிகிரியிலிருந்து 75க்குச் சூடாகும்போது ஏறக்குறைய 300 மில்லி விரியும். அது வெளியேற அந்த ஒரு வழிதான், அடைத்தால் தொட்டியே வெடிக்கும்.

பட்டியலில் இப்படிச் சேர்க்கிறேன்: ‘கரைதண்டு, கரைதகடு: தான் கரைந்து தொட்டியையோ படகின் உலோகப் பகுதியையோ அரிப்பிலிருந்து காக்கும் உலோகத் துண்டு. பெயிண்ட் அடிக்கக்கூடாது. தேய்ந்ததும் மாற்றவேண்டும்.’ எந்த உலோகம் எந்தத் தண்ணீருக்கு என்ற வரியைப் பாம்பன் ஐயா எழுதித் தரவேண்டும்.