உண்ணிச்செடி யானைகளை நேரில் பார்த்தவர்கள் எழுதுங்கள்

குன்னூர்ப் பெண், இலண்டன்:

2021 கோடையில் இங்கே கிரீன் பூங்காவில் நின்ற, குச்சிகளால் செய்த யானைச் சிலைக் கூட்டத்தைப் பலரும் படத்திலாவது பார்த்திருப்பீர்கள் என்பதால் அதை விவரிக்கவில்லை. ஒரு கன்றின் முன்காலருகே நடந்ததுதான் என்னை இன்னும் உறுத்துகிறது. காலைச் சுற்றிக் கட்டியிருந்த குச்சியில் எதிரெதிராக இரண்டிரண்டு கணுத்தடங்களைக் கண்டதும், பள்ளிக்குப் போகும் வழியில் பூவைப் பிடுங்கித் தேன் உறிஞ்சிய அதே உண்ணிச்செடி (லாண்டானா) என்று தெரிந்துவிட்டது. பக்கத்தில் நின்ற முதியவரிடம், இது எங்கள் மலைக்காட்டை மூடிவிட்ட செடி, கூடலூர்ப் பக்கத்துப் பழங்குடியினர் வெட்டி வந்து செய்தவை இந்த யானைகள் என்று பெருமையுடன் சொன்னேன். எந்தப் பழங்குடியினர் என்று அவர் கேட்டார். நீலகிரியிலேயே பதினெட்டு ஆண்டுகள் வளர்ந்த எனக்குத் தோடரைத் தவிர வேறு பெயர் வாயில் வரவில்லை. பெட்டக்குறும்பர், பணியர், காட்டுநாயக்கர், சோளகர் என்ற பெயர்களை அன்றிரவு தேடிப் படித்துத்தான் அறிந்தேன்.

கூடலூர் ஆசிரியர்:

அம்மா, நீங்கள் பார்த்த கூட்டத்தில் ஒன்று உருவானபோது நான் அருகில் இருந்தேன். தடித்த குச்சிகளைக் கொதிநீரில் வேகவைத்து, பட்டையை உரித்து, சூடு ஆறுவதற்குள் இரும்புக் கம்பிச் சட்டத்தின்மேல் வளைத்துப் பொருத்துவார்கள். ஆறிவிட்டால் குச்சி வளையாமல் முறிந்துவிடும். அன்று ஒரு பெண் யானையின் காது கிட்டத்தட்ட முடிந்துவிட்டது. எனக்கு அது குறையில்லாமல்தான் தெரிந்தது. அங்கிருந்த ஓர் அக்கா தள்ளி நின்று வெகுநேரம் பார்த்துவிட்டு, "சார், இது வேற யானையோட காது. அவளுக்கு மேல் ஓரம் உள்பக்கமா மடிஞ்சிருக்கும்" என்று சொல்லி, அரை நாள் வேலையை ஒவ்வொரு குச்சியாகக் கழற்றினார். அவர்கள் செய்வது பொதுவான ஒரு யானையை அல்ல. தங்கள் ஊர்வழியே நடந்துபோகும், முகம் தெரிந்த யானையை. பாடப்புத்தகத்தில் யானைப் படம் வரும்போதெல்லாம் அந்தக் காது என் நினைவுக்கு வந்துவிடுகிறது.

மசினகுடி விவசாயி:

இருவரும் மன்னிக்க வேண்டும். யானை செய்வதால் காடு மீண்டுவிடும் என்ற எண்ணம் படிப்பவர்களுக்கு வந்துவிடக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன். 2020இல் வெளியான ஆய்வு ஒன்று, நம் நாட்டில் 1,54,000 சதுர கிலோமீட்டர் காட்டில் இச்செடி பரவியிருப்பதாகக் கணித்தது. நூறு யானைகளுக்கு வேண்டிய குச்சி இதில் எத்தனை பங்கு? என் அனுபவம் சிறியது: நிலத்தின் ஓரத்தில் இருந்த புதரை ஒரு கோடையில் அரிவாளால் வெட்டிச் சாய்த்தேன், முதல் மழைக்குப் பின் ஒவ்வொரு அடிக்கட்டையிலும் கொத்துக் கொத்தாகத் துளிர்த்து நின்றது. ஆகவே வெட்டப் போகிறவர்கள் மண்ணுக்கு மேலே வெட்டாதீர்கள். தூரைச் சுற்றி மண்ணை விலக்கி, துளிர்விடும் பகுதிக்குக் கீழே ஆணிவேரை அறுத்து, செடியைத் தலைகீழாகக் கவிழ்த்து வையுங்கள். வேர் மண்ணைத் தொட்டால் மறுபடி பிடித்துக்கொள்ளும். பூக்கும் முன்பே இதைச் செய்து முடியுங்கள். பழத்தைத் தின்ற கொண்டைக்குருவி உட்காரும் மரத்தடியில்தான் விதை குவியும் என்பதால், அடுத்த இரண்டு மூன்று ஆண்டுகள் அந்த மரத்தடிகளில் நாற்று முளைத்தவுடன் பிடுங்கிவிட வேண்டும். வெறும் மண்ணாக விட்டால் வேறு களை வந்து ஏறும். உள்ளூர்ப் புல் விதையை உடனே தூவுங்கள்.

கூடலூர் ஆசிரியர்:

ஐயா, முறை சரியானது. காடு மீளும் என்று நான் எழுதவில்லை. யானைகளை விற்று வரும் பணம் மனிதரும் விலங்குகளும் சேர்ந்து வாழ்வதற்கான பணிகளுக்குப் போகிறது; வெட்டுவதற்கும் வளைப்பதற்கும் கூலி கிடைக்கிறது. காட்டில் இறங்கி வெட்ட ஒருவருக்குக் காரணம் இருந்தால்தானே வேரைப் பற்றிப் பேச முடியும்?

ஃபுளோரிடாவிலிருந்து ஒருவர்:

2024 டிசம்பரில் மயாமி கடற்கரை மணலில் இந்த யானைகளில் நூறு நின்றதைப் பார்க்க மகளுடன் போயிருந்தேன். அமெரிக்கக் கண்டத்தின் வெப்பப் பகுதியில் பிறந்த இச்செடி, 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கிலேயரால் அழகுக்காகக் கல்கத்தாத் தாவரவியல் தோட்டத்துக்குக் கொண்டுவரப்பட்டது என்று அவளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். மறுவாரம் நாற்றுப்பண்ணைக்குத் தக்காளி நாற்று வாங்கப் போனபோது, மஞ்சளும் இளஞ்சிவப்புமாகப் பூத்த தொட்டிகள் வரிசையாக விற்பனைக்கு இருந்தன. மகள் இலையைக் கசக்கி முகர்ந்து, "அப்பா, இது யானைச் செடிதானே?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். ஒரு பெண்மணி அதில் நான்கு தொட்டிகளைத் தன் வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார். அவரிடம் போய்ச் சொல்லச் சொன்னாள் மகள். நான் தக்காளி நாற்றுக்குப் பணம் கட்டிவிட்டு வந்துவிட்டேன்.